மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள அறை: வெள்ளைப் பூச்சா, இன்சுலேஷனா, ஃபால்ஸ் சீலிங்கா, நிழல் கூரையா, ஏசியா?

கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே குடியிருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "மாடியில் வெள்ளை பெயின்ட் அடித்தால் போதுமா, கூலிங் டைல்ஸ் ஒட்டணுமா, உள்ளே ஃபால்ஸ் சீலிங் போட்டால் சூடு இறங்குமா, இல்லை பேசாமல் ஏசியே வாங்கிவிடலாமா?" இவற்றை ஒரே வேலையின் மலிவு வடிவம், விலையுயர்ந்த வடிவம் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. இன்சுலேஷன் சூடு கடப்பதை மெதுவாக்குகிறது. நிழல் கூரை வெயிலைத் தளத்தைத் தொடவே விடுவதில்லை. ஏசியோ உள்ளே வந்துவிட்ட சூட்டை மின்சாரம் செலவழித்து வெளியே இறைக்கிறது. உங்கள் அறைக்கு எது குறை என்று தெரியாமல் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பணம் வீண்.

## முதலில் அளந்து பாருங்கள்

கையில் பிடித்துக் குறிபார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கினாலும் போதும். வெயில் நன்றாகக் காயும் ஒரு நாளில் பிற்பகல் 3, மாலை 7, இரவு 10, விடியற்காலை 5 என நான்கு முறை உள்கூரை, மேற்குச் சுவர், ஜன்னல் கண்ணாடி, இரண்டு அறைகளுக்கு இடையிலான உள்சுவர் ஆகியவற்றின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பளபளப்பான உலோகப் பரப்பில் இந்தக் கருவி தவறாகக் காட்டும். பெயின்ட் அடித்த பரப்பில் நம்பலாம்.

உள்சுவரைவிட உள்கூரை 4, 5 டிகிரி கூடுதலாக இருந்தால் குற்றவாளி தளம்தான். பெரும்பாலும் பிற்பகலைவிட மாலை 7 மணிக்குத்தான் வித்தியாசம் அதிகமாகத் தெரியும். 150 மி.மீ. கான்கிரீட் தளத்தின் மேல் நண்பகலில் ஏறும் சூடு கீழே வந்து சேர ஏறக்குறைய 4, 5 மணி நேரம் ஆகும். வெயில் சாய்ந்த பிறகு அறை தணலாவதற்கு இந்தத் தாமதமே காரணம்.

உள்கூரையும் உள்சுவரும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்து, ஜன்னலோ மேற்குச் சுவரோ கொதித்தால் மாடியில் எந்தச் செலவும் செய்யாதீர்கள். நேர் வெயில் படும் 2 சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி ஜன்னல் மாலை நேரத்தில் சுமார் 1,000 வாட் சூட்டை உள்ளே விடக்கூடியது. உள்ளே தொங்கும் திரைச்சீலை இதைக் கொஞ்சம்தான் குறைக்கும், ஏனென்றால் சூடு கண்ணாடியைத் தாண்டி ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. கண்ணாடிக்கு வெளிப்புறம் தட்டியோ, மடக்கு நிழலியோ, ஷேட் நெட்டோ கட்டினால்தான் உண்மையான பலன்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்விகளின் முன் நிறுத்துங்கள். அறையை எந்த நேரத்தில் பயன்படுத்துகிறீர்கள்? நாள் முழுவதுமா, படுக்க மட்டுமா? குளிர்காலத்தில் அறை சில்லிட்டுப்போகிறதா? மாடி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, இல்லை வாடகை வீடா, பலருக்குப் பொதுவான மாடியா? தளத்தில் ஓதமோ நீர்க்கசிவோ இருக்கிறதா? தளம் இன்னும் எவ்வளவு எடை தாங்கும்? உள்ளே கூரை உயரத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்க முடியும்?

நீர்க்கசிவுக் கேள்வி மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது. ஒழுகும் தளத்தின் மேல் என்ன போட்டாலும், கீழே என்ன மறைத்தாலும் ஒருநாள் அதைப் பெயர்க்க வேண்டியிருக்கும்.

## கணக்கு என்ன சொல்கிறது

12 சதுர மீட்டர் (சுமார் 130 சதுர அடி) அறை, 150 மி.மீ. கான்கிரீட் தளம் என்று வைத்துக்கொள்வோம். பகல் கணக்குக்கு வெளியே 38 டிகிரி, உள்ளே 26 டிகிரி, சதுர மீட்டருக்கு 900 வாட் வெயில். குளிர் இரவுக் கணக்குக்கு வெளியே 10 டிகிரி, உள்ளே 20 டிகிரி. தளத்தின் தாமதத்தைச் சேர்க்காத எளிய கணக்கு இது. நிஜத்தில் உச்சம் இதைவிடக் குறைவாகவும் பிந்தியும் வரும், ஆனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட இது போதும்.

| வழி | பகலில் கூரை வழி நுழையும் சூடு | குளிர் இரவில் கூரை வழி வெளியேறும் சூடு |
|---|---|---|
| வெறும் தளம் (பழைய, கறுத்த பரப்பு) | 1,300 வாட் | 510 வாட் |
| வெள்ளைப் பூச்சு, புதிது | 670 வாட் | 510 வாட் |
| வெள்ளைப் பூச்சு, அழுக்கேறியது | 880 வாட் | 510 வாட் |
| மேலே 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை (நீர் இழுக்காத கெட்டி நுரைப் பலகை) | 220 வாட் | 70 வாட் |
| பலகையும் அதன் மேல் வெள்ளைப் பரப்பும் | 110 வாட் | 70 வாட் |
| ஃபால்ஸ் சீலிங், வெறும் ஜிப்சம் போர்டு | 710 வாட் | 260 வாட் |
| ஃபால்ஸ் சீலிங் + 50 மி.மீ. ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) | 210 வாட் | 70 வாட் |
| காற்றோட்டமுள்ள நிழல் கூரை | 500–650 வாட் | வெறும் தளத்தைவிடச் சற்றுக் குறைவு |

ஒரு டன் ஏசி என்பது மணிக்கு மணி சுமார் 3,500 வாட் சூட்டை வெளியேற்றும் திறன். அப்படியானால் வெறும் தளம் மட்டுமே ஒரு டன்னில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

## வெள்ளைப் பூச்சு

குறைந்த செலவில், அறைக்குள் எதையும் தொடாமல் சூட்டைப் பாதியாக்கும் வழி. மாடி உங்களுடையது, கோடைதான் பிரச்சினை என்றால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வேலை கெடுவது பெரும்பாலும் பூச்சின் தரத்தால் அல்ல, அதற்கு முந்தைய தயாரிப்பால்தான். பாசியையும் உதிரும் சிமெண்ட் பாலையும் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, தளம் முழுதாகக் காயும்வரை இரண்டு மூன்று நாள் விட வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் அடியில் சிக்கிய நீர் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். விரிசல்களை 5 முதல் 10 மி.மீ. அகலத்துக்கு 'வி' வடிவில் செதுக்கி, தூசி தட்டி, நெகிழும் சீலன்ட்டால் அடைக்க வேண்டும். மேலே பூசி மறைத்த விரிசல் அடுத்த கோடையில் அதே கோட்டில் திறக்கும். பிறகு பிரைமர், அதன் மேல் இரண்டு கோட். முதல் கோட்டைக் கிழக்கு மேற்காக இழுத்தால் இரண்டாவதை வடக்கு தெற்காக இழுக்க வேண்டும். வாளியில் அச்சிட்ட பரப்பளவு மழமழப்பான தளத்துக்கானது. பழைய சொரசொரப்பான தளம் அதைவிட அதிகம் குடிக்கும்.

சுண்ணாம்பு அடிப்பதும் வேலை செய்யும். அதன் வெண்மை நல்லதுதான், ஆனால் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவது அரிது. வருடா வருடம் அடிக்கத் தயார் என்றால் தாராளமாகச் செய்யலாம். தவிர்க்க வேண்டியது வெள்ளி நிற அலுமினியப் பெயின்ட். அது வெயிலை ஓரளவு திருப்பினாலும் ஏறிய சூட்டை வானத்தை நோக்கி எளிதில் கதிர்வீசாது. வெள்ளைப் பூச்சு இரண்டையும் செய்கிறது.

மறைந்திருக்கும் செலவு பராமரிப்பு. தூசி படிந்து ஓரிரு ஆண்டில் வெண்மை மங்கும், அட்டவணையின் 670 மெல்ல 880 ஆகும். கோடை தொடங்கும் முன் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி மீளும். 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுபூச்சு தேவைப்படும். துணி காயப்போட, தண்ணீர்த் தொட்டி பார்க்க என்று ஆட்கள் நடமாடும் பாதை முதலில் தேயும். அங்கே மட்டும் வெள்ளை டைல்ஸ் ஒட்டிவிடுவது நல்லது. மழையில் பூச்சு வழுக்கும். எதிர்வீட்டு மாடி உயரமாக இருந்தால் கண்கூச்சம் குறித்துப் புகார் வரலாம்.

குளிர்காலத்தில் இது எந்த உதவியும் செய்யாது. இளவெயில் தரும் கொஞ்சச் சூட்டையும் திருப்பி அனுப்பிவிடும்.

கூலிங் டைல்ஸ் என்று விற்கப்படுவதும் அடிப்படையில் இதே வேலைதான். வெண்மை நீடிக்கும், நடக்கத் தாங்கும். ஆனால் டைலும் அடிக்கலவையும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 80 முதல் 100 கிலோ ஏறும். இணைப்புகளில் சாதாரண சிமெண்ட் பால் ஊற்றினால் மயிரிழை விரிசல் வழியே நீர் இறங்கி டைலுக்கு அடியில் தேங்கும். அப்புறம் கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

## தளத்துக்கு மேலே இன்சுலேஷன்

கோடை, குளிர் இரண்டுக்கும் சேர்த்து யோசித்தால் இதற்கு இணை இல்லை. கான்கிரீட் தளம் அறையின் பக்கம் நின்றுவிடுவதால் அது ஒரு சமநிலைக் கல்லைப்போல இயங்குகிறது. பகலில் மெதுவாகச் சூடேறி இரவில் மெதுவாக ஆறும், அறை வெப்பம் தடாலடியாக ஏறி இறங்காது. நாள் முழுவதும் ஆட்கள் இருக்கும் வீட்டுக்கு இதுவே சரி. தளம் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும் ஆட்டமும் குறைவதால் விரிசல் குறையும், கசிவுத் தடுப்புப் படலத்தின் ஆயுளும் கூடும்.

வரிசை முக்கியம். கீழிருந்து மேலாக: கான்கிரீட் தளம், வாட்டம் கொடுத்த சிமெண்ட் கலவை (100-க்கு 1-க்குக் குறையாமல்), வாட்டர்ப்ரூஃபிங் படலம், எக்ஸ்பிஎஸ் பலகை, பிரிப்புத் துணி, கம்பி வலை வைத்த 50 மி.மீ. மேல்தளக் கலவை, அதன் மேல் வெள்ளைப் பரப்பு. பலகை போடும் முன் வடிகுழாய்களை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், ஏனென்றால் 'நேரமில்லை' என்று முதலில் கைவிடப்படுவது இதுதான்.

வாட்டர்ப்ரூஃபிங்கின் மேல், ஈரம் படும் இடத்தில் எக்ஸ்பிஎஸ்தான் தாங்கும். சாதாரண வெள்ளைத் தெர்மாகோல் நாளடைவில் நீரை இழுத்துக்கொள்ளும், ராக்வூல் ஊறிப்போய்ப் பயனற்றதாகிவிடும். கரைப்பான் கலந்த பசையோ சூடான தாரோ பட்டால் பலகை உருகிக் குழியாகும். வெயிலில் நாள்கணக்கில் திறந்து கிடந்தால் மேல்பரப்பு மஞ்சளித்துப் பொடியாகும். ஆகவே விரிக்கும் பலகையை விரைவில் மூடிவிட வேண்டும்.

மேல்தளக் கலவையின் அடியில் சூடு இறங்க வழியில்லாததால் அது வெறும் தளத்தைவிட அதிகமாகக் கொதிக்கும். 10 மீட்டர் நீளக் கலவை 30 டிகிரி ஏறினால் சுமார் 3 மி.மீ. நீளும். 2, 3 மீட்டருக்கு ஒரு பிரிப்புக் கோடு விட்டு, கைப்பிடிச் சுவரை ஒட்டி 10 மி.மீ. இடைவெளி விட்டுச் சீலன்ட் நிரப்பாவிட்டால் கலவை சுவரையே தள்ளி விரிசல் விழவைக்கும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவுகள் இங்கேதான் அதிகம். மாடித் தளம் 100 மி.மீ.க்கு மேல் உயரும். வடிகுழாயின் வாயை உயர்த்த வேண்டும், வாட்டர்ப்ரூஃபிங்கைப் புதிய தள மட்டத்துக்கு மேலும் 150 மி.மீ. சுவரில் ஏற்ற வேண்டும், மாடிப்படி அறையின் வாசற்படியை உயர்த்த வேண்டும். கடைசியாகச் சொன்னதை மறந்த வீடுகளில் முதல் பெருமழைக்குத் தண்ணீர் படிக்கட்டில் இறங்கும். பலகை எடையே இல்லை, சதுர மீட்டருக்கு 2 கிலோவுக்கும் குறைவு. ஆனால் மேல்தளக் கலவை 110 கிலோ. 100 சதுர மீட்டர் மாடிக்கு இது 11 டன். பழைய கட்டடம் என்றால் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் கொத்தனாரின் பேச்சை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். ஏற்கெனவே கனமான வெதரிங் கோர்ஸ் (தளத்தின் மேல் போட்ட செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை அடுக்கு) இருந்தால் அதை உடைத்து அகற்றும் கூலியும், இடிபாடுகளைக் கீழே இறக்கும் கூலியும் தனி.

புது வீடு கட்டுபவர்களும், எப்படியும் வாட்டர்ப்ரூஃபிங்கைப் புதுப்பிக்கப் போகிறவர்களும் இந்த வாய்ப்பைத் தவறவிடக்கூடாது. அப்போது கூடுதலாவது பெரும்பாலும் பலகையின் விலைதான்.

ஒரு எச்சரிக்கை உண்டு. இன்சுலேஷன் இரு திசையிலும் தடுக்கும். மேற்கு ஜன்னல் வழியே நுழைந்த சூடு முன்பு இரவில் கூரை வழியாகவும் வெளியேறியது, இனி வெளியேறாது. ஜன்னலுக்கு நிழல் தராமல், இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றை ஓடவிடாமல் இன்சுலேஷன் மட்டும் செய்த அறை சில நாள் நள்ளிரவில் முன்பைவிடப் புழுக்கமாக இருக்கும்.

## ஃபால்ஸ் சீலிங்

மாடி உங்கள் கையில் இல்லை என்றால் கிட்டத்தட்ட இது ஒன்றுதான் வழி. ஆனால் வெறும் ஜிப்சம் போர்டு போட்டுவிட்டு வெப்பம் குறையும் என்று எதிர்பார்ப்பவர்கள் அட்டவணையை மறுபடி பார்க்கட்டும்: 710-க்கும் 210-க்கும் உள்ள இடைவெளி, போர்டுக்கு மேல் விரிக்கும் 50 மி.மீ. ராக்வூல்தான். விலைப்பட்டியலில் அழகு விளக்குகளுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கு இதற்குப் போகட்டும்.

பளபளக்கும் ஃபாயில் தாள் ஒட்டுவதாகச் சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். அதன் முன் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். தளத்துக்கும் ராக்வூலுக்கும் நடுவே இடைவெளியில்லாமல் அழுந்திய ஃபாயில் வெறும் தாள். மினுமினுப்பான முகம் கீழ்நோக்கி இருப்பது நல்லது. மேல்நோக்கி இருந்தால் தூசி படிந்து பலன் தேயும்.

அறையைத் தினம் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் ஏசி போட்டுப் பயன்படுத்துகிறீர்களா? அப்படியென்றால் உள்பக்க இன்சுலேஷன் மேல்பக்க இன்சுலேஷனை மிஞ்சும். ஏசி முழுத் தளத்தையும் குளிர்விக்க வேண்டியதில்லை, அறைக் காற்றும் போர்டும் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

எதிர்ப்பக்கம் இருப்பவை: கூரை உயரம் 6 முதல் 9 அங்குலம் குறையும். மின்விசிறி கான்கிரீட்டில் பதித்த கொக்கியிலிருந்தே தொங்க வேண்டும், ஃபால்ஸ் சீலிங் சட்டத்தில் அல்ல. இறக்கை தரையிலிருந்து 2.1 மீட்டருக்குக் கீழே வரக்கூடாது, சீலிங்கிலிருந்து ஓர் அடியாவது விலகியிருந்தால்தான் காற்று வரும். உயரம் குறைந்த அறையில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதும். பதிக்கும் விளக்குகளின் மேல் ராக்வூலைப் போர்த்தினால் அவற்றின் சூடு வெளியேறாமல் விளக்கு கெடும், தீ ஆபத்தும் உண்டு. தெர்மாகோலை மூடாமல் திறந்தபடி ஒட்டவே கூடாது. தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். தளத்தில் ஓதம் இருந்தால் சீலிங் அதை மறைத்துவிடும், கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயரும்வரை உங்களுக்குத் தெரியாது.

## நிழல் கூரை

குழாய்த் தூண் நிறுத்தி மேலே ஷீட் போடுவது. மாடி ஒரு பயன்படும் இடமாகிவிடும் என்பதே இதன் பெரிய லாபம். சூட்டைக் குறைப்பது அதன் இரண்டாம் பலன்தான். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். பக்கத்தை அடைத்தால் ஷீட்டின் சூடு உள்ளேயே தேங்கி, தளத்துக்கு மேல் ஓர் அடுப்பு வைத்ததுபோல் ஆகும். ஷீட்டின் மேல்பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். இரவில் தளம் திறந்த வானத்தை நோக்கி ஆறுவதை நிழல் கூரை தடுக்கும். ஆகவே பகலில் கிடைக்கும் லாபத்தில் ஒரு பங்கு இரவில் போய்விடும்.

தூணின் அடித்தகட்டைத் தளத்தில் துளையிட்டு முடுக்கினால் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு கசிவுப்புள்ளி. தளத்துக்கு மேல் சிறு கான்கிரீட் பீடம் எழுப்பி அதில் பொருத்துவது மேல். காற்று ஷீட்டைக் கீழே அழுத்துவதைவிட மேலே தூக்குவதுதான் ஆபத்து, நங்கூரம் அதற்குத் தக்கதாக இருக்க வேண்டும். உள்ளாட்சி அனுமதி தேவையா என்றும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சூரிய மின்தகடு போடும் எண்ணம் இருந்தால் தனி நிழல் கூரை வேண்டியதில்லை. இடைவெளி விட்டுச் சாய்த்துப் பொருத்திய தகடுகளே நிழல் தரும். தகடு மறைக்காத பகுதிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் போதும்.

## ஏசியும் மின்விசிறியும்

இரவில் வெளிக்காற்றே 30 டிகிரிக்குக் கீழ் இறங்காத, ஈரப்பதம் மிகுந்த இடங்களில் கூரை வேலை மட்டும் போதாது. அங்கே ஏசி நியாயமான தேவை. ஆனால் கூரையைத் தொடாமல் ஏசி மட்டும் வாங்கினால் உள்கூரை 38, 40 டிகிரியில் உங்கள் மேல் கதிர்வீசிக்கொண்டே இருக்கும். காற்று 24-இல் இருந்தும் உடம்பு வெதுவெதுப்பை உணரும், ரிமோட்டை இன்னும் கீழே அழுத்துவீர்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் மின்செலவு ஏறத்தாழ 6 சதவீதம் மாறும். கூரை வேலையை முதலில் முடித்தால் சிறிய ஏசியே போதுமானதாக இருக்கும். தேவைக்கு மிஞ்சிய பெரிய ஏசி காற்றைச் சீக்கிரம் குளிர்வித்து நின்றுவிடுவதால் ஈரத்தை எடுக்க நேரமிருக்காது. சில்லென்று, ஆனால் பிசுபிசுப்பாக இருக்கும் அறைகளுக்கு இதுவே பொதுவான காரணம்.

வெளி யூனிட்டை மாடியில் வெறும் வெயிலில் வைக்காதீர்கள்; நிழல் கொடுங்கள், சூடான காற்று வெளியேறும் பக்கத்தை அடைக்காதீர்கள். தனி மின்கம்பி, தனி எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்), சரியான எர்த் ஆகியவை செலவுக் கணக்கில் இருக்கட்டும். கதவின் அடியில் 10 மி.மீ. இடைவெளி என்றால் 90 செ.மீ. கதவுக்கு அது 90 சதுர செ.மீ. ஓட்டை, ஒரு ரப்பர் பட்டை அதை அடைத்துவிடும். குளிர்காலத்திலும் வெப்பம் தேவைப்படும் இடமென்றால் சூடும் தரும் ஹீட் பம்ப் வகை ஏசியை வாங்குங்கள். கம்பிச்சுருள் ஹீட்டர் தரும் அதே சூட்டை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் தரும்.

மின்விசிறியை மறக்க வேண்டாம். மேனியில் படும் காற்று நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் வீசினால் உடம்புக்கு 3 டிகிரி குறைந்ததுபோல் இருக்கும். பழைய விசிறி 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி விசிறி (பிரஷ் இல்லாத, மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்டது) 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஒரு விசிறிக்கு ஏறக்குறைய 197 யூனிட் மிச்சம். விசிறி ஆளைத்தான் குளிர்விக்கும், அறையை அல்ல. ஆளில்லாத அறையில் அது ஓடுவது வீண்.

## எந்த நிலைக்கு எது

வாடகை வீடு, மாடியில் கைவைக்க முடியாது: ஜன்னலுக்கு வெளி நிழல், பிஎல்டிசி விசிறி. வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் மாடிக்குச் சுண்ணாம்பு. சொந்த அடுக்குமாடி வீடு, மாடி பொதுச்சொத்து: ராக்வூலுடன் ஃபால்ஸ் சீலிங். ஆனால் அதற்கு முன் மாடிக்குப் பூச்சு அடிக்கச் சங்கத்தில் ஒருமுறை பேசிப் பாருங்கள்; செலவு பலருக்கும் பகிர்ந்துபோகும்.

சொந்த வீடு, தளம் நல்ல நிலையில் இருக்கிறது, குளிர்காலம் தொல்லையில்லை: வெள்ளைப் பூச்சை அடித்து ஒரு கோடை முழுக்க இரவு 10 மணி அளவைக் குறித்துப் பாருங்கள். உள்கூரை உள்சுவரைவிட 2 டிகிரிக்குள் வந்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். தளம் ஒழுகுகிறது, அல்லது கோடையும் குளிரும் இரண்டுமே கடுமை: பூச்சுக்குச் செலவழிக்காமல் பணத்தைச் சேர்த்து வாட்டர்ப்ரூஃபிங்கோடு மேல் இன்சுலேஷனை ஒரே வேலையாகச் செய்யுங்கள். படுக்கையறை ஒன்றில் மட்டும் இரவு ஏசி ஓடுகிறது, மற்ற அறைகள் பொறுத்துக்கொள்ளத்தக்கவை: அந்த ஓர் அறைக்கு மட்டும் ராக்வூல் சீலிங், கதவு ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை, மேலே அந்த அறையின் பரப்போடு சுற்றிலும் ஒரு மீட்டர் கூடுதலாக வெள்ளைப் பூச்சு. பக்கத்துத் தளத்தின் சூடு கான்கிரீட் வழியே ஓரத்தில் ஊர்ந்து வரும் என்பதால்தான் அந்த ஒரு மீட்டர்.